நோரோவைரசுக்கும் மார்பகப் புற்றுநோய்க்கும் நடுவில் ஒரு சுண்டெலி

"நோரோவைரஸ், மார்பகப் புற்றுநோய் உயிரியல் ஆகிய இரண்டிலும் ஆய்வு செய்தவர்." ஒரு விஞ்ஞானியைப் பற்றி இப்படி ஒரு வரி கண்ணில் பட்டால் வாசிப்பவருக்கு உடனே ஒரு சந்தேகம் வரும்: வயிற்றோட்டம் தரும் வைரஸ் மார்பில் புற்றுநோயையும் தருமா? யாழ்ப்பாணத்தில் இந்தச் சந்தேகம் இன்னும் கொஞ்சம் வேகமாக வரும். கிணற்றுத் தண்ணீரையும் புற்றுநோயையும் சேர்த்துப் பேசுவது இங்கே பழகிப்போன பேச்சு. சுன்னாகப் பக்கத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்த விவகாரம், தோட்டக் கிணறுகளில் ஏறும் நைத்திரேற்று என்று ஒவ்வொன்றாகக் கேட்டு வந்தவர்கள், தண்ணீரில் பரவக்கூடிய வைரஸ் ஒன்றின் பெயருக்குப் பக்கத்தில் புற்றுநோய் என்ற சொல்லைக் கண்டால் பயப்படத்தான் செய்வார்கள்.

விடையை முதலிலேயே சொல்லிவிடலாம். நோரோவைரஸ் மார்பகப் புற்றுநோயை உண்டாக்குகிறது என்பதற்கு ஆதாரம் இல்லை. அப்படியிருந்தும் ஒரே ஆள் இரண்டையும் படிப்பதற்கு நல்ல காரணம் உண்டு. நம் கலங்களுக்குள் ஓடும் ஒரு செய்திப் பாதையில் இரண்டு நோய்களும் சந்திக்கின்றன. அந்தப் பாதை என்ன, அது எப்படிப் பிடிபட்டது என்பதை விளங்கிக்கொள்ள, முதலில் இரண்டு நோய்களையும் தனித்தனியாகப் பார்க்கவேண்டும்.

நோரோவைரஸ்: சின்ன வைரஸ், பெரிய தொல்லை

1968இல் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் நோர்வோக் என்ற ஊரில், ஓர் ஆரம்பப் பாடசாலையில் பிள்ளைகளும் ஆசிரியர்களும் கூட்டமாகச் சத்தி எடுத்துப் படுத்தார்கள். காரணம் எந்தப் பக்டீரியா என்று தேடியவர்களுக்கு ஒன்றும் அகப்படவில்லை. 1972இல்தான் அல்பர்ட் கபிகியன் என்பவர், அந்த நோயாளிகளின் மலத்திலிருந்து வந்த மாதிரியை இலத்திரன் நுணுக்குக்காட்டியில் பார்த்து, 27 நானோமீற்றர் அளவுள்ள உருண்டைத் துணிக்கைகளைக் கண்டார். மனிதருக்கு வயிற்றோட்டம் தரும் வைரஸ் ஒன்று கண்ணால் காணப்பட்டது அதுவே முதல் தடவை. ஊரின் பெயர் தேய்ந்து நோரோவைரஸ் ஆயிற்று.

இதன் உடல் அமைப்பு மிக எளிது. உள்ளே சுமார் 7,500 எழுத்துகள் கொண்ட ஓர் ஆர்என்ஏ இழை. வெளியே ஒரே புரதத்தின் 180 பிரதிகள் சேர்ந்து கட்டிய ஓடு. அவ்வளவுதான். கொரோனா வைரசுக்கு இருப்பதுபோல் கொழுப்பு உறை இதற்குக் கிடையாது. சின்ன விவரம்போலத் தெரிந்தாலும் இதன் விளைவு பெரிது. மதுசாரம் கலந்த சனிற்றைசர் கொழுப்பு உறையைக் கரைத்துத்தான் பல வைரஸ்களைக் கெடுக்கிறது. கரைப்பதற்கு உறையே இல்லாத நோரோவைரஸ் அதற்கு இலேசில் மசியாது. சவர்க்காரமும் இதைக் கொல்வதில்லை. ஆனால் தேய்த்துக் கழுவும்போது தோலிலிருந்து கழற்றித் தண்ணீரோடு அனுப்பிவிடுகிறது. கொரோனாக் காலத்தில் கடைவாசல் தோறும் வந்து சேர்ந்த அந்தப் போத்தல் இங்கே அவ்வளவு உதவாது. குழாயடியும் சவர்க்காரமும் உதவும்.

உடலுக்குள் போய் 12 முதல் 48 மணித்தியாலத்துக்குள் குமட்டல், சத்தி, வயிற்றோட்டம் தொடங்கும். பெரும்பாலானவர்களுக்கு ஒன்று முதல் மூன்று நாளில் அடங்கிவிடும். ஆனால் தொற்றும் வேகம்தான் பயங்கரம். பதினெட்டு வைரஸ் துணிக்கைகளே ஒருவரைப் படுக்கவைக்கப் போதும் என்று ஒரு மதிப்பீடு உண்டு. நோயாளியின் ஒரு கிராம் மலத்திலோ அவை கோடிக்கணக்கில் இருக்கும். உலகம் முழுவதும் ஆண்டுக்குச் சுமார் 68.5 கோடிப் பேருக்கு இந்த நோய் வருவதாகவும், சுமார் 2 இலட்சம் பேர் இறப்பதாகவும், அவர்களில் ஏறத்தாழ 50,000 பேர் சிறுபிள்ளைகள் என்றும் கணக்கிடுகிறார்கள்.

யாழ்ப்பாணத்தில் இந்த வைரசை நினைக்கும்போது தரைக்குக் கீழே இருக்கும் சுண்ணாம்புக் கல்லையும் நினைக்கவேண்டும். குடாநாட்டின் பெரும்பகுதிக்குக் குடிநீர் அந்தக் கல்லின் வெடிப்புகளுக்குள் தேங்கும் மழைநீர்தான். மணலும் களியும் தண்ணீரை வடிகட்டுவதுபோல் வெடிப்பு விழுந்த சுண்ணாம்புக் கல் வடிகட்டாது. இரண்டு பரப்புக் காணிக்குள் கிணறும் மலசலகூடக் குழியும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால், குழியிலிருந்து கசிவது கிணற்றுக்குப் போகும் வழி குறுகியது. மாரி மழைக்கு நிலத்தடி நீர் மேலே வரும்போது இன்னும் குறுகும். நிலத்தடி நீர் வழியாக நோரோவைரஸ் பரவிய சம்பவங்கள் வெளிநாடுகளில் பதிவாகியுள்ளன. இங்கே வயிற்றோட்டத்தோடு வருபவருக்கு எந்த வைரஸ் என்று வழக்கமாகப் பார்ப்பதில்லை. ஜீவனி என்ற உப்புச் சீனிக் கரைசலைக் கொடுத்து, நீர்ச்சத்துக் குறையாமல் பார்த்து அனுப்புவார்கள். மருத்துவமாக அது சரியான காரியம். ஆனால் பெயர் தெரியாமலே வந்து போகும் நோயாக இது இருப்பதற்கும் அதுவே காரணம்.

மேல்நாடுகளில் இந்த வைரசுக்குப் பேர்போன உணவு பச்சையாக உண்ணும் சிப்பி. சிப்பியும் மட்டியும் கடல்நீரை வடிகட்டி உண்பவை. நீரில் வைரஸ் இருந்தால் தமக்குள் சேர்த்து வைத்துக்கொள்ளும். நம்மவர்கள் மட்டியைக் கொதிக்கக் கொதிக்கக் கறியாக்கி உண்பதால் அந்த வழி இங்கே பெரும்பாலும் அடைபட்டிருக்கிறது. நல்ல பழக்கம், காரணம் தெரியாமலே வந்தது.

இனி ஆய்வுகூடத்துப் பிரச்சினை. ஒரு வைரசைப் படிக்க அதை ஆய்வுகூடத்தில் வளர்க்கவேண்டும். மனித நோரோவைரசோ நாற்பது வருடங்களுக்கு மேல் எந்தக் கிண்ணத்திலும் ஒழுங்காக வளர மறுத்தது. 2016இல் அமெரிக்காவின் ஹியூஸ்டன் நகரில் மேரி எஸ்டஸ் அவர்களின் குழு, மனிதச் சிறுகுடலின் மூலக் கலங்களிலிருந்து வளர்த்த குட்டிக் குடல்களில் அதை வளர்த்துக் காட்டியது. சில வகை வைரஸ்களுக்குப் பித்தநீரும் ஊற்றவேண்டியிருந்தது. அதுவரைக்கும் நோரோவைரஸ் எப்படி வேலை செய்கிறது என்பதைப் பற்றி நாம் அறிந்ததில் பெரும்பகுதியைச் சொல்லித் தந்தது ஒரு சுண்டெலி வைரஸ். அந்தச் சுண்டெலியிடம் பிறகு வருவோம்.

மார்பகப் புற்றுநோய்: ஒரே பெயர், பல நோய்

2022இல் உலகில் 23 இலட்சம் பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் கண்டறியப்பட்டது; 6 இலட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்தார்கள். இலங்கைப் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களிலும் இதுதான் முதலிடத்தில் இருக்கிறது. ஆண்களுக்கும் வரும், நூற்றில் ஒன்று என்ற அளவில்.

பால் சுரக்கும் நுண்பைகளையும் பாலைக் கொண்டுசெல்லும் குழாய்களையும் உள்ளே பூசியதுபோல் ஒரு கலப்படை மூடியிருக்கும். அங்கே ஒரு கலத்தின் டிஎன்ஏயில் விகாரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்து, "பெருகு" என்ற கட்டளை ஓயாமல் ஓடுவதும் "நில்", "இற" என்ற கட்டளைகள் காதில் விழாமல் போவதும்தான் நோயின் தொடக்கம். எந்தக் கட்டளை கெட்டது என்பதைப் பொறுத்து நோயின் குணம் மாறும். வைத்தியர்கள் கட்டியிலிருந்து எடுத்த துண்டில் மூன்று வாங்கிகளைத் தேடுகிறார்கள். வாங்கி என்றால் வெளியிலிருந்து வரும் ஓமோன் போன்ற செய்திப் பொருளைப் பிடித்துக்கொள்ளும் புரதம்.

1. ஈஸ்ட்ரோஜன் வாங்கி. பெரும்பாலான மார்பகப் புற்றுநோய்களில் இது இருக்கும். ஈஸ்ட்ரோஜன் ஓமோனே இந்தக் கலங்களுக்குத் தீனி. தமோக்சிபென் என்ற மாத்திரை அந்த வாங்கியில் போய் உட்கார்ந்து, ஓமோனுக்கு இடமில்லாமல் செய்கிறது.

2. புரோஜெஸ்தரோன் வாங்கி. பொதுவாக முதலாவதோடு சேர்ந்தே காணப்படும்.

3. ஹெர்2. கலத்தின் மேற்பரப்பில் அளவுக்கு மீறி இருந்தால் கட்டி வேகமாக வளரும். 1998இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டிராஸ்டுசுமாப் என்ற மருந்து இதைக் குறிவைத்து வந்தது.

மூன்றும் இல்லாத வகையும் உண்டு, நூற்றுக்குப் பத்துப் பதினைந்து. பிடித்து நிறுத்துவதற்கு இந்த மூன்று கைப்பிடிகளில் ஒன்றும் இல்லாததால் அதுதான் வைத்தியர்களுக்குக் கடினமானது.

பரம்பரையாக வருவது நூற்றுக்கு ஐந்து முதல் பத்து வரைதான். பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2 என்ற மரபணுக்கள் அந்த வகையில் பேர்போனவை. "எங்கள் குடும்பத்தில் ஒருவருக்கும் இல்லை, எனக்கு எப்படி வரும்?" என்ற கேள்விக்கு இந்த எண்ணே பதில்.

மார்பகப் புற்றுநோய் ஆய்வாளர்களுக்கு நோரோவைரஸ்காரர்களுக்கு இல்லாத ஒரு வசதி ஆரம்பத்திலேயே கிடைத்தது. 1970இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஒரு கன்னியாஸ்திரியின் உடலிலிருந்து எடுத்த புற்றுநோய்க் கலங்கள் ஆய்வுகூடக் கிண்ணத்தில் வளரத் தொடங்கின. எம்சிஎஃப்-7 என்ற பெயரில் அவை இன்றும் உலகமெங்கும் வளர்கின்றன. ஈஸ்ட்ரோஜன் வாங்கியைப் பற்றிய அறிவில் பாதியை அந்த அம்மையார் தந்தார் என்றாலும் மிகையில்லை.

வைரஸ் புற்றுநோய் தரலாம், சில வைரஸ்கள் மட்டும்

"வைரசால் புற்றுநோய் வராது" என்று ஒரேயடியாகச் சொல்லிப் பயத்தைப் போக்குவது பொய். கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் பப்பிலோமா வைரசால் வருகிறது. அதைக் காட்டிய ஹரால்ட் சுர் ஹவுசனுக்கு 2008இல் நோபல் பரிசு கிடைத்தது. இலங்கையில் 2017இலிருந்து ஆறாம் வகுப்பு மாணவிகளுக்குப் பாடசாலையில் போடும் ஊசி அந்த வைரசுக்கு எதிரானதுதான். ஈரல் அழற்சி தரும் பி, சி வைரஸ்கள் ஈரல் புற்றுநோய்க்குக் காரணமாகின்றன. 2018ஆம் ஆண்டில் உலகில் புதிதாகக் கண்டறியப்பட்ட புற்றுநோய்களில் சுமார் 13 வீதத்துக்குப் பின்னால் ஏதோ ஒரு தொற்று இருந்ததாகக் கணக்கு. வயிற்றில் வாழும் ஹெலிக்கோபக்டர் என்ற பக்டீரியாவும் அந்தக் கணக்கில் பெரிய பங்காளி.

அப்படியானால் நோரோவைரசை மட்டும் எப்படி விடுவிப்பது? ஒரு வைரஸ் புற்றுநோயைத் தருவதற்கு அறியப்பட்ட வழிகள் சில. ஒவ்வொன்றாக வைத்துப் பார்க்கலாம்.

1. தன் மரபணுவை நம் டிஎன்ஏக்குள் செருகுவது. நோரோவைரஸ் ஆர்என்ஏ வைரஸ். தன் ஆர்என்ஏயை டிஎன்ஏயாக மாற்றும் நொதியம் அதனிடம் இல்லை. அதன் வேலை முழுவதும் கலக்கருவுக்கு வெளியே, கலத்தின் சாற்றுக்குள்ளேயே நடந்து முடிகிறது.

2. கலத்தின் தடைக்கட்டளைகளைக் குலைத்து, கலத்தைச் சாகவிடாமல் பெருகவைப்பது. பப்பிலோமா வைரஸ் செய்வது இது. நோரோவைரஸ் இதற்கு நேர்மாறு. தான் பெருகிய கலத்தைக் கொன்று, உடைத்துக்கொண்டு வெளியே வருகிறது. செத்த கலம் கட்டியாக வளராது.

3. ஆண்டுக்கணக்காக உடலில் தங்கி, ஓயாத அழற்சியால் இழையத்தைக் கெடுப்பது. ஈரல் அழற்சி சி வைரசும் ஆர்என்ஏ வைரஸ்தான். அதுவும் நம் டிஎன்ஏக்குள் நுழைவதில்லை. அப்படியிருந்தும் இந்த வழியால் புற்றுநோய் தருகிறது. ஆகவே "ஆர்என்ஏ வைரஸ்தானே" என்று சொல்லி மட்டும் தப்பமுடியாது. நோரோவைரசின் விஷயத்தில் காலம்தான் சாட்சி. ஆரோக்கியமான ஒருவரில் நோய் சில நாள், மலத்தில் வைரஸ் வெளியேறுவது சில வாரம்.

4. எந்த இழையத்தில் புற்றுநோய் வருகிறதோ அங்கே போய்ச் சேர்வது. நோரோவைரசின் வீடு குடல். மார்பகக் குழாய்க் கலங்களில் அது குடியிருப்பதாக நிறுவப்படவில்லை.

உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் மனிதருக்குப் புற்றுநோய் தருவன என்று உறுதியாகப் பட்டியலிட்ட கிருமிகளில் நோரோவைரஸ் இல்லை. மார்பகப் புற்றுநோய்க்கென்று நிறுவப்பட்ட வைரஸ் எதுவுமே அந்தப் பட்டியலில் இல்லை.

எலிப்பாலில் வந்த பாடம்

மனிதரில் இல்லை என்றேன். எலியில் உண்டு. 1936இல் ஜோன் பிட்னர் என்ற ஆய்வாளர் ஒரு விசித்திரத்தைக் கண்டார். மார்பகக் கட்டி அதிகம் வரும் இனத்து எலிக்குட்டிகளைப் பிறந்தவுடனே எடுத்து, கட்டி வராத இனத்துத் தாயிடம் பால்குடிக்க விட்டால், குட்டிகளுக்குக் கட்டி குறைந்தது. பாலில் ஏதோ இருக்கிறது என்றார். அந்த ஏதோ, எலி மார்பகக் கட்டி வைரஸ் என்று பின்னர் தெரிந்தது. மேலே சொன்ன முதல் வழிக்கு இது சரியான உதாரணம்: தன் ஆர்என்ஏயை டிஎன்ஏயாக்கி எலியின் டிஎன்ஏக்குள் செருகுகிறது.

1982இல் ரூல் நுஸ்ஸேயும் ஹரால்ட் வார்மஸும் அது எங்கே போய்ச் செருகுகிறது என்று தேடினார்கள். அடிக்கடி ஒரே மரபணுவின் அருகில்தான் செருகியிருந்தது. இன்று டபிள்யூஎன்டி1 என்று அழைக்கப்படும் அந்த மரபணு, கரு வளர்ச்சியிலிருந்து குடற்புற்றுநோய் வரைக்கும் தலைகாட்டும் ஒரு பெரிய செய்திப் பாதையின் திறவுகோலாக இருந்தது. அதாவது எலியின் வைரஸ் ஒன்றைத் துரத்திக்கொண்டு போனவர்களுக்கு மனித உடலின் அடிப்படை விதி ஒன்று அகப்பட்டது. வைரசை ஆராய்பவர் புற்றுநோய் ஆராய்ச்சிக்குள் வந்து நிற்பது இப்படித்தான். வைரஸ் இருளில் சுவரைத் தடவிச் சுவிட்ச் எங்கே என்று காட்டிக்கொடுக்கிறது.

இதை வாசித்துவிட்டுத் தாய்ப்பாலைப் பற்றி யாரும் கவலைப்படக்கூடாது என்பதற்காக ஒரு வரி. இது எலி வைரஸ். மனிதத் தாய்மாரில் இப்படிப் பரவுவதாக நிறுவப்படவில்லை. பாலூட்டுவது தாய்க்கு மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பைக் குறைக்கிறது என்பதே உண்மை. 2002இல் வெளியான பெரிய ஆய்வுத் தொகுப்பு ஒன்று, பாலூட்டும் ஒவ்வொரு 12 மாதத்துக்கும் 4.3 வீதம் குறைவதாகக் கணித்தது.

ஒரே எலிகள், இரண்டு கேள்விகள்

இனி அந்தச் சுண்டெலி. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் இரண்டு மரபணுக்களை நீக்கிய எலிகள் வளர்க்கப்பட்டன. முதலாவது ராக்2. அது இல்லாவிட்டால், கிருமியைப் பிடிக்கும் பிறபொருளெதிரி என்ற புரதத்தை உண்டாக்கும் கலங்களும், தொற்றிய கலங்களைத் தாக்கும் டி கலங்களும் உருவாகா; அதாவது பழகிக் கற்றுக்கொள்ளும் நிர்ப்பீடனம் (நோயெதிர்ப்புச் சக்தி) இருக்காது. இரண்டாவது ஸ்டாட்1. கதையின் நாயகன் இதுதான்.

ஸ்டாட்1 என்ன செய்கிறது என்பதை ஒரு யாழ்ப்பாணத்து வளவை வைத்துச் சொல்லலாம். படலையில் ஒருவர் வந்து நின்று, "பக்கத்து வீட்டில் கள்ளன் புகுந்துவிட்டான்" என்கிறார். விறாந்தையில் இருந்த பிள்ளை அதைக் கேட்டு உள்ளே ஓடிப்போய்ச் சொல்கிறது. வீட்டுக்காரர் கதவுகளைச் சாத்தி, விளக்குகளைப் போட்டு, ஆயத்தமாகிறார். கலத்தில் நடப்பதும் இதுவே:

1. வைரஸ் புகுந்த கலம் இன்டர்பெரோன் என்ற எச்சரிக்கைப் புரதத்தை வெளியே விடுகிறது.

2. அது அயல் கலத்தின் மேற்பரப்பில் உள்ள வாங்கியில் ஒட்டுகிறது. இது படலை.

3. வாங்கியின் உட்பக்கத்தில் உள்ள ஜாக் என்ற நொதியங்கள், காத்திருக்கும் ஸ்டாட்1 புரதத்தில் ஒரு பொசுபேற்றைச் சேர்த்து அதைத் தட்டி எழுப்புகின்றன. அதுதான் விறாந்தையில் இருந்த பிள்ளை.

4. எழும்பிய ஸ்டாட்1 சோடி சேர்ந்து கலக்கருவுக்குள் ஓடி, நூற்றுக்கணக்கான மரபணுக்களை இயக்கிவிடுகிறது. வைரஸ் பெருகுவதைத் தடுக்கும் புரதங்கள் பிறக்கின்றன.

பிள்ளை இல்லாவிட்டால்? படலையில் எவ்வளவு கத்தினாலும் உள்ளே ஒருவருக்கும் கேட்காது.

இந்த எலிகளிலிருந்து இரண்டு கண்டுபிடிப்புகள் இரண்டு வருட இடைவெளியில் வந்தன. 2001இல் அதே பல்கலைக்கழகத்தின் ரொபர்ட் ஷ்ரைபர் குழு, ராக்2, ஸ்டாட்1 இரண்டும் இல்லாத எலிகளுக்குத் தாமாகவே மார்பகப் புற்றுநோய்கள் வருவதை அறிவித்தது. நிர்ப்பீடனம் கிருமிகளோடு சேர்த்துப் புற்றுநோயையும் கண்காணிக்கிறது என்ற வாதத்துக்கு அந்த ஆய்வு பெரிய பலம் சேர்த்தது.

2003இல் ஹெர்பர்ட் வேர்ஜின் குழுவில் ஸ்டெபனி கார்ஸ்ட், கிறிஸ்டியான் வோபஸ் ஆகியோர் வேறொன்றைச் சொன்னார்கள். இதே வகை எலிகள் காரணம் தெரியாமல் செத்துக்கொண்டிருந்தன. அவற்றின் உடலிலிருந்து தேடிப் பிடித்தபோது கிடைத்தது ஒரு புதிய நோரோவைரஸ், எலியைத் தாக்கும் முதல் நோரோவைரஸ். டி கலங்கள் இல்லாத எலிகள் தொற்றைச் சுமந்துகொண்டு உயிரோடு இருந்தன. ஸ்டாட்1 இல்லாத எலிகளோ செத்தன. ஆக, இந்த வைரசிடமிருந்து உயிரைக் காப்பாற்றுவது முதற்கட்ட எச்சரிக்கை மணிதான். பிறபொருளெதிரி பிறகு வருகிறது.

இந்த எலி நோரோவைரஸ் ஆய்வுகூடக் கிண்ணத்திலும் வளர்ந்தது. மனித வைரஸ் முரண்டு பிடித்த அத்தனை வருடமும் ஆய்வாளர்கள் இதை வைத்தே வேலை செய்தார்கள். அப்புறம் இன்னொன்றும் தெரியவந்தது: உலகெங்கும் ஆய்வுகூட எலிக்கூடுகளில் மிகப் பரவலாக இருக்கும் வைரஸ்களில் இதுவும் ஒன்று. நிர்ப்பீடனம் பற்றியோ புற்றுநோய் பற்றியோ எலியில் சோதனை செய்பவர், தன் எலிகளில் இது ஓசையின்றிக் குடியிருக்கிறதா என்று பார்க்காமல் விட்டால் முடிவுகள் குழம்பலாம். புற்றுநோய் ஆய்வாளருக்கு நோரோவைரஸ் தெரிந்திருக்கவேண்டியதற்கு இது ஒரு நடைமுறைக் காரணம். மருந்து வேலை செய்ததா, வைரஸ் வேலை செய்ததா என்று தெரியாமல் நிற்பது ஆய்வாளருக்கு வெட்கக்கேடு.

மார்புக் கலத்துக்குள் ஸ்டாட்1

2001 ஆய்வில் ஒரு முடிச்சு இருந்தது. இரண்டு மரபணுவும் இல்லாத எலிக்குக் கட்டி வந்தால், காரணம் காவல்படை இல்லாததா, அல்லது மார்புக் கலத்துக்குள்ளேயே ஏதோ கெட்டுவிட்டதா? 2012இல் அதே ஷ்ரைபர் குழு, ஸ்டாட்1 மட்டும் இல்லாத எலிகளை வைத்து அந்த முடிச்சை அவிழ்த்தது. அவற்றுக்கும் வயது போகப் போக மார்பகப் புற்றுநோய் வந்தது. கட்டிகளில் ஈஸ்ட்ரோஜன் வாங்கியும் புரோஜெஸ்தரோன் வாங்கியும் இருந்தன. சூலக ஓமோன்களை நம்பி வளர்ந்தன. ஸ்டாட்1ஐத் திரும்பக் கொடுத்தபோது கட்டிக் கலங்கள் செத்தன. ஆக, ஸ்டாட்1 மார்புக் கலத்துக்கு உள்ளே இருந்துகொண்டே ஒரு கடிவாளமாக வேலை செய்கிறது.

இதன் அருமை எலிப் புற்றுநோய்களைப் பற்றித் தெரிந்தவர்களுக்கே முழுதாக விளங்கும். மனிதரில் பெரும்பாலானவை ஈஸ்ட்ரோஜன் வாங்கி உள்ள வகை. ஆய்வுக்கென்று உண்டாக்கும் எலிக் கட்டிகளில் பெரும்பாலானவற்றில் அந்த வாங்கி இருக்காது. மனிதரின் சாதாரண நோயைப்போல நடக்கும் எலி கிடைப்பது அரிது. ஸ்டாட்1 இல்லாத எலி அந்தக் குறையை ஓரளவு தீர்த்தது. அதே ஆய்வில் மனிதக் கட்டிகளைப் பார்த்தபோது, ஈஸ்ட்ரோஜன் வாங்கி உள்ளவற்றில் கணிசமானவற்றில் ஸ்டாட்1 குறைந்திருந்தது. 2016இல் இன்னொரு துண்டு சேர்ந்தது: அந்த எலிக் கட்டிகளில் புரோலக்டின் வாங்கியின் மரபணு வால் அறுந்த விகாரத்தோடு இருந்தது. புரோலக்டின் என்பது பால் சுரக்கவைக்கும் ஓமோன். கடிவாளம் ஒரு பக்கம் அறுந்து, வளர்ச்சியைத் தூண்டும் மிதி மறுபக்கம் அழுந்திய நிலை.

எனவே ஒருவர் நோரோவைரசிலும் மார்பகப் புற்றுநோயிலும் வேலை செய்திருக்கிறார் என்றால், இரண்டு ஊர்களுக்கு மாறிமாறிப் போனார் என்று நினைக்கவேண்டியதில்லை. ஒரே தெருவில் இரண்டு வீடு. வைரஸ் வந்தபோது அந்தச் செய்திப் பாதை என்ன செய்கிறது என்று ஒரு வீட்டில் பார்க்கிறார். வைரஸ் இல்லாதபோது அது கலத்தை எப்படி அடக்கிவைக்கிறது என்று மற்ற வீட்டில் பார்க்கிறார்.

இங்கே சறுக்கக்கூடிய இரண்டு இடங்கள்

முதலாவது, "ஸ்டாட்1ஐக் கூட்டினால் புற்றுநோய் போய்விடும்" என்ற அவசரம். விஷயம் அவ்வளவு நேரல்ல. சில மனிதக் கட்டிகளில் இன்டர்பெரோன் பாதை குறைவான அளவில் ஓயாமல் ஓடிக்கொண்டே இருக்கும். அப்படிப்பட்ட கட்டிகள் கதிர்ச் சிகிச்சையையும் சில கீமோ மருந்துகளையும் தாங்கிக்கொள்வதாக 2008இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. எச்சரிக்கை மணி எந்நேரமும் அடித்தால் கேட்பவர்களுக்குப் பழகிப்போகும் அல்லவா, அதுபோல. எந்த அளவு, எவ்வளவு காலம், எந்தக் கலத்தில் என்பதைப் பொறுத்து ஸ்டாட்1 நண்பனாகவும் இருக்கும், புற்றுநோய்க்குக் கேடயமாகவும் மாறும்.

இரண்டாவது, எலியிலிருந்து மனிதருக்கு ஒரே பாய்ச்சலில் தாவுவது. இந்த எலிகளுக்கு ஒரு மரபணு பிறப்பிலிருந்தே உடல் முழுவதும் இல்லை. மனிதருக்கு அப்படி நடப்பது மிக அரிது. நடந்தால் குழந்தைப் பருவத்திலேயே கடும் தொற்றுகளாகத் தெரியவரும். எலி நமக்குப் பாதையைக் காட்டுகிறது. அந்தப் பாதையில் மனித நோயாளிக்கு எவ்வளவு தூரம் என்பதை எலி சொல்லாது.

இரண்டும் உண்மையாகவே சந்திக்கும் இடம்

நோரோவைரஸ் மார்பகப் புற்றுநோயைத் தருவதில்லை. ஆனால் மார்பகப் புற்றுநோய்க்குக் கீமோ எடுத்துக்கொண்டிருப்பவருக்கு நோரோவைரஸ் வந்தால் அது வேறு கதை, இந்தக் கட்டுரையில் யாழ்ப்பாணத்து வாசகருக்கு நேரடியாகப் பயன்படக்கூடிய பகுதியும் இதுதான். 2011இல் தேவேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நடந்த நடைபயணத்தில் சேர்ந்த பணத்தின் உதவியோடு தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை எழுந்தபின், வடக்கில் பலர் கொழும்புப் பக்கத்து மகரகமைப் புற்றுநோய் வைத்தியசாலைக்கு அலையாமல் இங்கேயே சிகிச்சை பெற்று மாலையில் வீடு திரும்புகிறார்கள். அதாவது நோயாளி இருப்பது ஆஸ்பத்திரிக் கட்டிலில் இல்லை. பேரப்பிள்ளைகளும் விருந்தாளிகளும் வந்துபோகும் வீட்டில்.

கீமோ மருந்து வேகமாகப் பெருகும் கலங்களைத் தாக்குகிறது. புற்றுநோய்க் கலத்தோடு சேர்த்து எலும்பு மச்சையில் பிறக்கும் வெண்குருதிக் கலங்களையும் குடலின் உட்படையையும் தாக்கும். நோரோவைரஸ் புகுவதும் அதே குடலில். மற்றவர்களுக்கு இரண்டு நாளில் போகும் நோய், நிர்ப்பீடனம் குறைந்தவர்களில் வாரக்கணக்கிலும், சிலரில் மாதக்கணக்கிலும் இழுக்கலாம். நீர்ச்சத்துக் குறைந்தால் சிறுநீரகம் தளரும். அடுத்த கீமோவைத் தள்ளிப்போட நேரலாம். சத்தியும் வயிற்றோட்டமும் கீமோவின் பக்கவிளைவாகவும் வரும் என்பதால், "மருந்தின் வேலைதான்" என்று நினைத்து இருந்துவிடுவதும் நடக்கும். வீட்டில் வேறு யாருக்காவது அதே நேரத்தில் வயிறு கெட்டிருந்தால், அதை வைத்தியரிடம் கட்டாயம் சொல்லவேண்டும். அந்த ஒரு தகவல் அவர் யோசிக்கும் திசையை மாற்றும். காய்ச்சலும் சேர்ந்தால் விடியும் வரை காத்திருக்கக்கூடாது, அன்றிரவே போகவேண்டும்.

அப்படிப்பட்ட வீட்டில் செய்யக்கூடியவை:

1. வயிற்றோட்டம் வந்தவர், அது நின்றபின்னும் இரண்டு நாள் சமையலறைப் பக்கம் போகக்கூடாது. சுகம் வந்துவிட்டது என்று தோன்றும்போதும் வைரஸ் வெளியேறிக்கொண்டிருக்கும். நோயாளியைப் பார்க்க வருபவர் சாப்பாட்டுப் பார்சலோடு வருவது நம் வழக்கம். வருபவர் வீட்டில் யாருக்காவது வயிறு சரியில்லை என்றால் பார்சலும் வேண்டாம், வருகையும் வேண்டாம். சொல்லக் கூச்சமாக இருக்கும், சொல்லத்தான் வேண்டும்.

2. கை கழுவுவது சவர்க்காரத்தோடு, ஓடும் தண்ணீரில். வாளிக்குள் எல்லோரும் கைவிட்டுக் கழுவுவது கழுவாததற்குச் சமம்.

3. சத்தி எடுத்த இடத்தைத் துணியால் ஒற்றி எடுத்தபின் குளோரின் நீரால் துடைக்கவேண்டும். கடையில் விற்கும் 5 வீத பிளீச் திரவம் என்றால் ஒரு லீற்றர் தண்ணீருக்கு 20 மில்லிலீற்றர். சத்தியிலிருந்து தெறிக்கும் கண்ணுக்குத் தெரியாத துளிகளும் தொற்றைக் கடத்தும் என்பதால், துடைப்பவர் முகக்கவசம் போடுவது நல்லது. கீமோ எடுப்பவர் அந்த அறையில் இருக்கக்கூடாது.

4. கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவைத்தே நோயாளிக்குக் கொடுக்கவேண்டும். கிணற்றுக்குக் குளோரின் இடுவதற்குப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கேட்கலாம். அளவு கிணற்று நீரின் கொள்ளளவைப் பொறுத்தது, கண்மதிப்பில் போடுவதல்ல.

நோரோவைரசுக்கு இன்னும் பொதுப் பாவனைக்கு வந்த தடுப்பூசி இல்லை. அடிக்கடி உருமாறும் பல வகைகள் இருப்பதும், மனித வைரசை வளர்க்க இத்தனை காலம் எடுத்ததும் அதற்குக் காரணங்கள். 2024இல் ஓர் எம்ஆர்என்ஏ தடுப்பூசி மூன்றாம் கட்டச் சோதனைக்குப் போனது. மார்பகப் புற்றுநோயில் நிலைமை வேறு. நேரத்தோடு கண்டால் சிகிச்சை உண்டு. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகள் 35, 45 வயதுப் பெண்களைக் குறிவைத்து நடத்தும் கிளினிக்கில் மார்பைப் பரிசோதித்து, தன்னைத்தானே பார்க்கவும் சொல்லிக்கொடுக்கிறார்கள். கட்டி ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை. வலி வரட்டும் பார்க்கலாம் என்று இருப்பவர்கள் கிளினிக்குக்கு வந்து சேரும் நேரத்தில், அது கமக்கட்டு வரைக்கும் போயிருக்கலாம்.